பதினோரு பேர் வருவார்களா? இங்கிலாந்து மகளிர் கிளப் கிரிக்கெட்டின் ஒரு சீசன்

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி, இந்திய மகளிர் அணி முதல் முறையாக உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியது. 2026 ஜூன் 12 முதல் ஜூலை 5 வரையிலான மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை இங்கிலாந்துக்குத் தரப்பட்டது. ஒன்றின் பின் ஒன்றாக இவை வரும்போது, லண்டனின் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் "பிள்ளையை எந்த கிளப்பில் சேர்க்கலாம்?" என்ற பேச்சு எழுவது இயல்பு. பக்கத்து கிளப்பின் பெயரைத் தேடி, அது ஆடும் மகளிர் லீக்கின் புள்ளிப் பட்டியலைத் திறப்பார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. ஓர் ஆட்டத்தில் ஒரு பக்கம் 11 பேர், மறுபக்கம் 8 பேர். சில பிரிவுகளில் இரு பக்கமும் 8 பேர்தான்.
2. பந்தே வீசப்படாத ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு முழுப் புள்ளி.
3. ஆறு ஆட்டம் வென்ற அணிக்கு மேலே நான்கு ஆட்டம் வென்ற அணி. புள்ளிகள் 8.00, 6.67 என்று தசமத்தில்.
4. ஒரே கிளப்பில் மென்பந்து அணி ஒன்று, கடினப் பந்து அணி ஒன்று. சில பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன.

நான்குக்கும் வேர் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் அது. தொழில்முறை கிரிக்கெட்டில் யாரை விடுவது என்பது தலைவலி. அமெச்சூர் மகளிர் கிரிக்கெட்டில் யார் வருவார் என்பது தலைவலி. இந்த ஒரு வேறுபாடு விளங்கிவிட்டால், விசித்திரமாகத் தெரியும் விதிகள் எல்லாம் காரணத்தோடுதான் இருக்கின்றன என்பது புரியும்.

அமெச்சூர் கிளப்: யார் காசு, யார் மைதானம்

அமெச்சூர் என்றால் ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. சொல்லப்போனால் ஆடுபவர்தான் பணம் கட்டுகிறார்: ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் சந்தா, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆட்டக் கட்டணம். புல் வெட்டுபவர், ஸ்கோர் எழுதுபவர், தேநீர் போடுபவர், பல ஆட்டங்களில் நடுவராக நிற்பவர் என எல்லோரும் கிளப் உறுப்பினர்களோ அவர்கள் வீட்டாரோதான். கேப்டன் பகலில் செவிலியராகவோ ஆசிரியையாகவோ கணக்காளராகவோ இருப்பார். அணித் தேர்வு இரவில் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும்.

பெண்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவது புதிதல்ல. எழுத்தில் பதிவான முதல் மகளிர் ஆட்டம் 1745 ஜூலை 26 அன்று சர்ரே மாவட்டத்தில் கில்ட்ஃபோர்டுக்கு அருகே காஸ்டன் காமன் என்ற பொது வெளியில் நடந்தது. பிராம்லி, ஹாம்பிள்டன் என்ற இரண்டு ஊர்ப் பெண்கள் மோதினார்கள். ஒரு பக்கத்தார் தலையில் நீல ரிப்பன், மறுபக்கத்தார் சிவப்பு. ஹாம்பிள்டன் 127, பிராம்லி 119. 1887இல் யார்க்‌ஷயரில் 'வொயிட் ஹெதர்' என்ற முதல் மகளிர் கிளப் பிறந்தது.

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் போதும். முதலாவது 1926. குளிர்காலத்தில் ஹாக்கியும் லக்ராஸும் ஆடிவந்த பெண்கள், கோடையிலும் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று மகளிர் கிரிக்கெட் சங்கத்தை நிறுவினார்கள். கிளப்புகளைப் பதிவு செய்வது முதல் வெளிநாட்டுப் பயணம் வரை அதைப் பெண்களே நடத்தினார்கள். இரண்டாவது 1998. அந்தச் சங்கம் இங்கிலாந்து வேல்ஸ் கிரிக்கெட் வாரியத்துக்குள் இணைந்தது. பணமும் பயிற்சியாளர்களும் வந்தார்கள். அதோடு, தனி மகளிர் கிளப் என்ற வடிவத்தின் இடத்தை 'ஆண்கள் கிளப்பின் மகளிர் பிரிவு' என்ற வடிவம் பெருமளவு பிடித்துக்கொண்டது.

அதன் விளைவு மைதான அட்டவணையில் தெரிகிறது. சனிக்கிழமை பிற்பகல் ஆண்களின் லீக்குக்கு. முதல் அணிக்கு ஒரு மைதானம், இரண்டாம் அணிக்கு இன்னொன்று. மகளிர் லீக் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் காலையில் சிறுவர் பயிற்சி, பிற்பகலில் ஆண்களின் நட்பு ஆட்டம் என்று போட்டிக்கு ஆள் உண்டு. கிரிக்கெட்டில் சமத்துவம் குறித்து ஆராய்ந்த தனி ஆணையம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, பெண்கள் இந்த விளையாட்டில் இரண்டாம் தரத்தினராக நடத்தப்படுவதாகச் சொன்னது. இங்கிலாந்து மகளிர் அணி லண்டனின் புகழ்பெற்ற லார்ட்ஸ் மைதானத்தில் அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்பதை அது எடுத்துக்காட்டியது. லார்ட்ஸ் கதை எல்லோருக்கும் கேட்டது. ஊர் கிளப்பில் எந்தப் பிட்ச் யாருக்கு என்று நடக்கும் சிறு இழுபறி யாருக்கும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பெண் ஆட்டத்தில் நிலைத்திருப்பாளா என்பதை அந்த இழுபறிதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

11 பேர் சேர 23 பேர் வேண்டும்

கிரிக்கெட் சட்டத்தின் முதல் விதியே 11 பேர் கொண்ட இரண்டு அணிகள் என்கிறது. அதே விதி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 11க்குக் குறைவாகவோ கூடுதலாகவோ ஆடலாம் என்றும் சொல்கிறது. களத்தில் ஒரே நேரத்தில் 11 பேருக்கு மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே 8 பேர் ஆடும் லீக் சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. ஏன் 8 என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. கிளப்பின் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை ஆட வரக்கூடிய வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வேலை, குழந்தை, திருமணம், உடல்நிலை, பயணம் எல்லாம் போக ஐந்தில் மூன்று வாரம் வருவது நல்ல வருகைதான். பட்டியலில் 18 பேர் இருந்தால் சராசரியாக 10.8 பேர் வருவார்கள். 'கிட்டத்தட்ட 11 வந்துவிட்டதே' என்று தோன்றும். தவறு அங்கேதான். சராசரி 11ஐ ஒட்டியிருந்தால், ஏறத்தாழ பாதி வாரங்களில் 11 சேராது என்று பொருள். நிகழ்தகவுக் கணக்குப் போட்டால் கிடைப்பது இது:

1. பட்டியலில் 14 பேர்: 11 பேர் சேர வாய்ப்பு 12 விழுக்காடு, 8 பேர் சேர 69 விழுக்காடு.
2. பட்டியலில் 18 பேர்: 11 பேர் சேர 56 விழுக்காடு, 8 பேர் சேர 94 விழுக்காடு.
3. 11 பேர் சேரும் வாய்ப்பு 90 விழுக்காட்டைத் தாண்ட வேண்டுமானால் பட்டியலில் 23 பேர் வேண்டும்.

ஆட்டம் நடக்க ஒரு கிளப் மட்டும் வந்தால் போதாது. எதிரணியிலும் 18 பேர் பட்டியல்தான் என்றால், இரு பக்கமும் 11 பேர் சேரும் வாய்ப்பு 56ஐ 56ஆல் பெருக்கியது, அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு. மூன்று ஞாயிறில் இரண்டு வீண். இரு பக்கமும் 8 பேர் போதும் என்றால் அதே வாய்ப்பு 89 விழுக்காடாகிறது. அதே கிளப்புகள், அதே பெண்கள்தான். அணியின் அளவில் மூன்றைக் குறைத்ததும் சீசன் உயிர் பெற்றுவிட்டது.

8 பேர் ஆட்டத்தைக் 'குறை கிரிக்கெட்' என்று உதட்டைச் சுழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். தாளில் அச்சிட்ட 11 பேர் ஆட்டம் நடக்காமல் போவதைவிட, 8 பேரோடு மூன்று மணி நேரம் நடக்கும் ஆட்டம் பெரியது. ஆடாத கேப்டன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பந்து பிடிக்காத கை பழகுவதில்லை.

ஒரு பக்கம் 11 பேரும் மறுபக்கம் 8 பேரும் வந்தால்? சட்டப்படி ஆடலாம். 8 பேர் அணிக்குக் களத்தடுப்பில் ஓட்டை விழும். அப்போது எதிரணி இரண்டொரு பேரை ஃபீல்டிங்குக்குக் கடனாகத் தருவது நெடுநாளைய வழக்கம். மாற்று ஆளாக நிற்பவர் பந்துவீசக் கூடாது, கேப்டனாகச் செயல்படக் கூடாது; பிடிக்கலாம், எறியலாம். தன் அணித் தோழி அடித்த பந்தைத் தானே ஓடிப் பிடித்து ஆட்டமிழக்கச் செய்யும் காட்சியை இந்த லீக்குகளில் பார்க்க முடியும். அதை யாரும் துரோகமாக எண்ணுவதில்லை.

ஆண்டு ஓட்டம்: எந்த மாதம் யார் காணாமல் போகிறார்கள்

மேலே சொன்ன கணக்கில் ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனிக் காரணத்தால் வராமல் போவதாக அது வைத்துக்கொள்கிறது. நடைமுறையில் ஒரே காரணத்தால் ஐந்தாறு பேர் ஒன்றாகக் காணாமல் போகிறார்கள். அதைப் பார்க்க சீசனை மாதவாரியாகப் பின்தொடர வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை வெளியே மழையும் குளிரும். பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் வலை கட்டி மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி. புதிதாகச் சேர்பவர்கள் இப்போதுதான் வருகிறார்கள். கேப்டனின் முதல் தலைக்கணக்கும் இங்கேதான்.

ஏப்ரலில் மைதான வேலை. உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை கூடி வேலிக்கு வண்ணம் அடிப்பார்கள், ரோலர் இழுப்பார்கள். ஆட்டங்கள் மாதக் கடைசியில் அல்லது மே முதல் வாரத்தில் தொடங்கும். குளிரில் விறைத்த விரலில் பந்து பட்டால் சுளீர் என்று உறைக்கும். ஏப்ரலில் ஒருமுறை வந்து மறுபடி வராதவர்களின் கதையில் பாதி இந்த வலிதான்.

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை தேர்வுக் காலம். ஜிசிஎஸ்இ, ஏ லெவல் இரண்டும் இந்த ஆறேழு வாரத்தில்தான். அதாவது 15, 16 வயதினரும் 17, 18 வயதினரும் ஒரே சமயத்தில் புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலான மகளிர் அணிகள் பதின்வயதுப் பெண்களை நம்பியே நிற்கின்றன. 18 பேர் பட்டியலில் 5 பேர் தேர்வுக்குப் போனால் மிச்சம் 13. முந்தைய கணக்கையே போட்டால், 8 பேர் சேரும் வாய்ப்பு 94இலிருந்து 57 விழுக்காட்டுக்கு விழுகிறது. 11 பேர் சேர்வது வெறும் 6 விழுக்காடு. ஜூன் 21ஐ ஒட்டி லண்டனில் இரவு 9.20 வரை வெளிச்சம் இருக்கும். கிரிக்கெட்டுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. அந்த வாரங்களில்தான் அணி மிகவும் மெலிந்திருக்கிறது. அட்டவணை போடுபவர்கள் ஜூனில் இரண்டு ஞாயிறுகளை வெறுமையாக விட்டு, அந்த ஆட்டங்களை ஜூலைக்குத் தள்ளினால் பல ஆட்டங்கள் பிழைக்கும். ஆனால் மைதானம் ஜூலையிலும் ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கும் குரல் கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும்.

ஜூலை நல்ல மாதம். தேர்வு முடிந்தது, குடும்ப விடுமுறை இன்னும் தொடங்கவில்லை. ஒரு மகளிர் அணியின் உண்மையான பலத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜூலை முதல் மூன்று ஞாயிறுகளைப் பாருங்கள்.

ஜூலை கடைசி வாரத்தில் பள்ளிகள் மூடுகின்றன. ஆகஸ்ட் முழுக்க ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வாரமாவது ஊரை விட்டுப் போகிறது. தமிழ்ப் பிள்ளைகள் உள்ள கிளப்புகளுக்குக் கூடுதலாக ஒன்று: யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடப்பது இந்தக் காலத்தில்தான், மேற்கு லண்டன் ஈலிங் அம்மன் கோயில் தேரும் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தேர் நாளில் பிள்ளை ஆட வரவில்லை என்று ஒரு கேப்டன் மனம் கோணத் தேவையில்லை. மார்ச் மாதமே அந்தத் தேதியைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். அதைச் சொல்ல வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. பல வீடுகளில் முந்தின இரவுதான் செய்தி போகிறது.

செப்டம்பரில் இருட்டு சீக்கிரம் வருகிறது. மாத நடுவில் ஏழேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். தள்ளிப்போன ஆட்டங்களை முடிக்க ஓட்டம். மாதக் கடைசியில் 18 வயதினர் பல்கலைக்கழகம் போகிறார்கள். இதுதான் மகளிர் கிளப்பின் ஆழமான காயம். ஏழெட்டு ஆண்டு வளர்த்த பந்துவீச்சாளர், நன்றாக ஆடத் தொடங்கும் வயதில் 200 மைல் தள்ளிப் போய்விடுகிறார். ஆண்கள் அணியிலும் இது நடக்கிறது. ஆனால் அங்கே நான்கு அணிகள் இருக்கும் கிளப்பில் கீழிருந்து ஒருவர் மேலே வருவார். மகளிர் பிரிவில் கீழே அணியே இல்லை.

இரண்டு பந்துகள்

டென்னிஸ் பந்தில் தெருவில் ஆடியவர் முதன்முதலாக ஸ்டிச் பந்தை எதிர்கொண்ட நாளை மறக்க மாட்டார். அங்கே மென்பந்துக்கும் கடினப் பந்துக்கும் இடையில் இருப்பது அதே தூரம்தான்.

கடினப் பந்து ஆட்டம் வழக்கமான கிரிக்கெட். 22 கஜ ஆடுகளம், தோல் பந்து, கால்காப்பு, கையுறை, ஹெல்மெட். மகளிர் பந்தின் எடை 140 முதல் 151 கிராம். ஆண்களின் பந்து 156 முதல் 163 கிராம். பொதுவாக மேல் பிரிவுகளில் 40 ஓவர் வரையும் கீழ்ப் பிரிவுகளில் 20 ஓவர் அளவிலும் ஆடுவார்கள்.

மென்பந்து ஆட்டத்தை வாரியம் 2017இல் நாடு தழுவிய திட்டமாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலை 23 அன்று நிரம்பி வழிந்த லார்ட்ஸில் இங்கிலாந்து இந்தியாவை 9 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்தது. ஆன்யா ஷ்ரப்சோல் 46 ரன் கொடுத்து 6 விக்கெட். அந்த ஆட்டத்தைப் பார்த்து, மட்டையே பிடித்திராத பல பெண்களுக்கு ஆசை வந்தது. அவர்கள் வந்து நிற்க ஒரு வாசல் தேவைப்பட்டது. மென்பந்து அந்த வாசல். காப்புகள் வேண்டாம், வெள்ளை உடுப்பு வேண்டாம், ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். பல இடங்களில் ஜோடி முறையில் ஆடுகிறார்கள்: இரண்டு பேர் சேர்ந்து குறிப்பிட்ட ஓவர்களை மட்டை பிடிப்பார்கள், ஆட்டமிழந்தால் வெளியேற வேண்டாம், அணியின் ரன்னிலிருந்து ஐந்தோ ஆறோ கழிக்கப்படும். முதல் பந்தில் அவுட்டானவர் மீதி மாலை முழுவதும் வேலியோரம் உட்கார வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

இந்த ஆட்டத்தின் முக்கியத்துவத்தைத் தலைக்கணக்கில்தான் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டி வந்து வேலியோரம் காத்திருக்கும் அம்மாக்கள் மென்பந்தில் இறங்குகிறார்கள். அவர்களில் சிலர் அடுத்த ஆண்டு கடினப் பந்துக்கு வருகிறார்கள். 35, 40 வயதுக்காரர் ஏ லெவல் எழுதப் போவதில்லை, பல்கலைக்கழகம் போவதில்லை. ஜூனிலும் செப்டம்பரிலும் இருப்பார். பதின்வயதினரை மட்டும் வைத்துக் கட்டிய அணி தேர்வுக் காலத்தில் சரிகிறது. அம்மாவும் மகளும் சேர்ந்து ஆடும் அணி நிற்கிறது.

ஆனால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் படி வேண்டும். மென்பந்தில் மகிழ்ச்சியாக ஆடுபவரை, ஆள் குறைகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கடினப் பந்து ஆட்டத்துக்கு இழுத்துப்போய், முகத்தருகே எகிறும் பந்தை எதிர்கொள்ள வைத்தால், இரண்டு அணிக்கும் அவர் இல்லாமல் போவார். நாலைந்து வாரம் வலையில் மெதுவான கடினப் பந்து, பிறகு ஒரு நட்பு ஆட்டம், அதன் பிறகு லீக் என்று ஏற்றுவதே முறை.

சிறுமியும் பெரியவரும் ஒரே அணியில்

13 வயதுப் பெண் 45 வயதுப் பெண்ணோடு ஒரே அணியில் ஆடுவது இங்கே சாதாரணம். அதனால் வாரியத்தின் பாதுகாப்பு விதிகள் பெண்கள் ஆட்டத்தில் அன்றாடம் வேலை செய்கின்றன. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. 18 வயதுக்கு உட்பட்டவர் கடினப் பந்தில் மட்டை பிடிக்கும்போதும், ஸ்டம்புக்கு அருகே நின்று விக்கெட் கீப்பிங் செய்யும்போதும் ஹெல்மெட் கட்டாயம்.
2. 15 வயதுக்கு உட்பட்ட பிரிவினர் மட்டையாளர் பக்கத்து நடு ஸ்டம்பிலிருந்து 8 கஜத்துக்குள் நின்று ஃபீல்டிங் செய்யக் கூடாது. 13 வயதுக்கு உட்பட்ட பிரிவினருக்கு 11 கஜம். ஆஃப் பக்கத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவருக்கு மட்டும் விலக்கு.
3. வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கு ஒரு தடவையில் எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் என்று வயதுக்கேற்ற வரம்பு உண்டு.

மூன்றாவது விதிதான் 8 பேர் வந்த நாளில் கேப்டனைச் சோதிக்கிறது. எட்டில் நான்கு பேர் பிள்ளைகள், நன்றாக வீசுபவர் அவர்களில் ஒருத்தி. வரம்பு முடிந்ததும் அவள் கையிலிருந்து பந்தை வாங்கித்தான் ஆக வேண்டும், இன்னும் 10 ரன் தடுத்தால் வெற்றி என்றாலும். வளரும் முதுகெலும்பில் ஏற்படும் அழுத்த முறிவு ஒரு சீசனோடு போவதில்லை. தன் மகள் இரண்டு ஓவர் கூடுதலாக வீச வேண்டுமென்று வேலியோரத்திலிருந்து குரல் கொடுக்கும் தந்தை இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆடாத ஆட்டமும் புள்ளிப் பட்டியலும்

இனி அந்தத் தசமங்கள். ஆள் சேராத அணி ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறது. மழையும் தன் பங்குக்குக் கொண்டுபோகிறது. சீசன் முடிவில் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காது. அப்போது யார் மேல், யார் கீழ்?

கற்பனையாக இரண்டு அணிகளை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் 10 ஆட்டம். வெற்றிக்கு 10 புள்ளி, தோல்விக்கு இல்லை, மழையில் போனால் இருவருக்கும் 3. முதல் அணி 9 ஆட்டம் ஆடி 6 வென்றது, ஒன்று மழை. இரண்டாம் அணி 5 ஆட்டம் ஆடி 4 வென்றது, 2 மழை, மீதி மூன்றில் எதிரணிகள் வரவில்லை.

1. விட்டுக்கொடுத்த ஆட்டத்தை வெற்றியாக எண்ணினால்: முதல் அணிக்கு 63, இரண்டாம் அணிக்கு 40, 30, 6 சேர்ந்து 76. இரண்டாம் அணி மேலே.
2. ஆடிய ஆட்டத்துக்கு மட்டும் புள்ளி தந்து கூட்டினால்: 60, 40. முதல் அணி மேலே.
3. ஆடிய ஆட்டங்களின் சராசரி எடுத்தால்: முதல் அணிக்கு 6.67, இரண்டாம் அணிக்கு 8.00. மறுபடி இரண்டாம் அணி மேலே.

முதல் முறையில் வராத எதிரணி யாருக்கு வாய்க்கிறது என்பது அதிர்ஷ்டம். இரண்டாம் முறை, தயாராக வந்து காத்திருந்த அணியை மற்றவர் தவறுக்காகத் தண்டிக்கிறது. மூன்றாவது முறை ஓரளவு நியாயமானது. ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சராசரியில் முதலிடத்தில் இருக்கும் அணிக்குக் கடைசி ஆட்டம் வலுவான எதிரணியோடு என்றால், ஆடித் தோற்பதைவிட ஆடாமல் இருப்பது லாபம். 'ஆள் சேரவில்லை' என்று சொன்னால் சரிபார்க்க யாராலும் முடியாது. ஆகவே சராசரி முறையை எடுக்கும் லீக், விட்டுக்கொடுக்கும் அணிக்குத் தண்டப் புள்ளியையும் சேர்த்தே வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த முறை பலிக்கும்.

தண்டம் எவ்வளவு என்பதிலும் நிதானம் வேண்டும். வியாழக்கிழமையே 'எங்களுக்கு ஆறு பேர்தான்' என்று சொல்லும் கேப்டனையும், ஞாயிறு காலை பத்து மணிக்குக் கைவிரிக்கும் கேப்டனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முன்னவர் சொன்னால் மைதானத்தை வேறு யாராவது பயன்படுத்தலாம், அந்த ஆறு பேரோடு ஒரு கலப்பு ஆட்டமாவது ஆடலாம். பின்னவரால் எதிரணியில் 11 பேரின் ஒரு நாள் போகிறது. தேநீருக்கு வாங்கிய ரொட்டியும் போகிறது. ஆறு பேர் என்று நேர்மையாக முன்கூட்டிச் சொல்பவருக்குத் தண்டமே கூடாது என்பேன்.

பெவிலியன்

சுருக்கமாக ஒன்று. பழைய பெவிலியன்கள் ஆண்கள் மட்டுமே ஆடுவார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை: மறைப்பில்லாத பொதுக் குளியல், கதவு சரியாக மூடாத ஒரே உடைமாற்றும் அறை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, அதுவும் விருந்தினர் பக்கம். அதோடு வெள்ளைக் கால்சட்டை. மாதவிடாய் நாளில் வெள்ளை உடுத்தி ஐந்து மணி நேரம் வெட்ட வெளியில் நிற்கச் சொன்னால் 14 வயதுப் பெண் என்ன சொல்வாள்? 'வயிற்று வலி' என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவாள். வெள்ளை உடையைக் கட்டாயமாக்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே 2023இல் பெண்களுக்கு உள்ளாடை நிற விதியைத் தளர்த்தியது. அடர்நிறக் கால்சட்டைக்கு அனுமதி தருவதில் எந்த லீக்குக்கும் செலவு இல்லை. ஒரு பெண்ணின் வருகை வாய்ப்பு 60இலிருந்து 70 ஆவதற்கு இதுவே காரணமாகலாம்.

அக்டோபர் படிவம்

செப்டம்பர் கடைசியில் ஆடுகளத்தின் பழைய புல்லைச் சுரண்டி, விதை தூவி, களிமண் கலந்த மண்ணைப் பரப்பி மூடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் கிளப்பின் ஆண்டுக் கூட்டம். கோப்பைகள் தருவார்கள், கணக்கு வாசிப்பார்கள். மகளிர் பிரிவின் அடுத்த ஆண்டைத் தீர்மானிக்கும் உண்மையான வேலை, லீக்குக்கு அனுப்ப வேண்டிய ஒரு படிவத்தில் இருக்கிறது: எத்தனை அணி, எந்தப் பிரிவு, 11 பேரா 8 பேரா, எந்த நாள், எந்த மைதானம்.

ஜூலையில் நன்றாக ஆடிய நினைவு பசுமையாக இருக்கும்போது '11 பேர், மேல் பிரிவு' என்று எழுத ஆசை வரும். அப்படி எழுதிவிட்டு ஜூனில் மூன்று ஆட்டங்களை விட்டுக்கொடுத்த கிளப்பில், அடுத்த ஆண்டு பட்டியல் இன்னும் சுருங்குகிறது. ஆடக் கிடைக்காதவர் வேறு வேலை பார்த்துக்கொள்வார். படிவத்தை நிரப்புவதற்கு முன் மூன்று எண்களை எழுதிப் பார்க்கலாம். பட்டியலில் உள்ளோர் எத்தனை பேர். அவர்களில் வரும் மே மாதம் தேர்வு எழுதுபவர் எத்தனை பேர். செப்டம்பரில் ஊரை விட்டுப் போனவர் எத்தனை பேர். பின்னிரண்டையும் கழித்த பிறகும் 23 மிஞ்சினால் 11 என்று எழுதலாம். 18 மிஞ்சினால் 8. 14தான் என்றால் 8 பேர் அணி ஒன்றோடு, புதன்கிழமை மாலையில் ஒரு மென்பந்து அணியையும் சேர்த்து எழுதி, அதற்கு மைதானத்தை அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும்.